கச்சேரிமேட்டு ஊர்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், வேதியியல்)

ஊர்களைப் பற்றிக் கட்டுரை எழுதுவோர் கோபுரத்தையோ கோட்டையையோ காட்டித் தொடங்குவது வழக்கம். அரூரில் கோட்டை இல்லை. சேலத்திலிருந்து திருப்பத்தூர் செல்லும் பேருந்து சற்று நேரம் நின்று புறப்படும் ஊர் என்ற அளவிலேயே வெளியூரார் பலர் இதனை அறிவர். ஆயினும் சுற்றிலுமுள்ள சிற்றூர் மக்களுக்கு "டவுன்" என்றால் அரூர்தான். உரம் வாங்க, நகை அடகு வைக்க, கலியாணச் சேலை எடுக்க, காய்ச்சலுக்கு ஊசி போட, வழக்குக்கு வாய்தா கேட்க, எல்லாவற்றிற்கும் இங்குதான் வந்தாக வேண்டும். காலையில் நிரம்பி மாலையில் காலியாகும் ஊர் இது.

இவ்வூரில் கச்சேரிமேடு என்றொரு பகுதி உண்டு. கச்சேரி என்றவுடன் வீணையும் மிருதங்கமும் நினைவுக்கு வரலாம். அதுவன்று, அரசு அலுவலகத்தையும் நீதிமன்றத்தையும் குறிக்கும் பழைய சொல் இது. எங்கள் பாட்டனார் தலைமுறையினர் தாலுகா ஆபீசைக் கச்சேரி என்றே கூறுவர். அரூரைப் புரிந்து கொள்ள இந்த ஒரு சொல் போதும் என்பது என் கருத்து. மக்கள் அரசாங்கத்தை நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இது. அச்சந்திப்பு சில சமயம் நன்மையில் முடிந்திருக்கிறது. ஒரு சமயம் நாடே தலைகுனியும்படி முடிந்திருக்கிறது.

தருமபுரி மாவட்டம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்தது. அதில் அரூர் ஒரு வட்டத்தின் தலைநகர். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி ஆகிய வட்டங்கள் அடங்கிய வருவாய்க் கோட்டத்திற்கும் இதுவே தலைமையிடம். 2011 கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள் தொகை 25 ஆயிரத்தைச் சற்றே தாண்டும். நெடுங்காலம் பேரூராட்சியாக இருந்து அண்மையில்தான் நகராட்சி ஆயிற்று. சேலத்திலிருந்து வருவோர் மஞ்சவாடிக் கணவாய் வழியே வருவர். ஒருபுறம் சேர்வராயன் மலை, மறுபுறம் சித்தேரி மலை. கணவாயைக் கடந்து இறங்கினால் மரவள்ளியும் கரும்பும் மஞ்சளும் மாறி மாறித் தென்படும்.

ரயில் இவ்வூருக்கு வந்ததில்லை. சேலம் - ஜோலார்பேட்டை பாதையில் உள்ள மொரப்பூரே நமக்கு அருகிலுள்ள நிலையம். அங்கிருந்து தருமபுரிக்கு 1906இல் ஒரு குறுகிய பாதை போடப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது 1941இல் அது மூடப்பட்டது. மீண்டும் அப்பாதை வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, 2019இல்தான் அடிக்கல் நாட்டு விழா நடந்தது. கேட்ட பாதை வரத் தாமதமாக, கேளாத பாதை ஒன்று 2018இல் தேடி வந்தது; அதுவே சேலம் - சென்னை எட்டு வழிச் சாலைத் திட்டம். தென்னந்தோப்பிலும் கிணற்று மேட்டிலும் அளவுக் கல் நடப்பட்டபோது இவ்வட்டாரத்து உழவர்கள் கொதித்தெழுந்தனர். நிலம் எடுக்கும் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்து செய்தது. முறைப்படி புதிதாக அறிவித்து நிலம் எடுக்கத் தடையில்லை என உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் கூறியது. அந்த ஆண்டுகளில் கிரயம், பட்டா, சிட்டா, அடங்கல் என்னும் சொற்கள் எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் மனப்பாடமாயின.

வணிகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கச்சேரிமேட்டிலுள்ள வேளாண் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் பருத்தியும் மஞ்சளும் ஏலம் போகும். கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ளது. மழை பொய்த்தால் கரும்பு குறையும். கரும்பு குறைந்தால் ஆலை அரவையும் சுருங்கும். அப்போது இளைஞர்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்து ஏறுவர். ஆக, எல்லாம் கடைசியில் தண்ணீரில் வந்து நிற்கிறது.

அரூருக்கு வடகிழக்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் தீர்த்தமலை இருக்கிறது. அருணகிரிநாதர் பாடிய தலம். அங்கே இராமர் தீர்த்தம் பாறையின் உச்சியிலிருந்து ஓயாது சொட்டிக் கொண்டிருக்கும். அகத்தியர், குமரர், கௌரி, அக்கினி எனத் தீர்த்தங்கள் இன்னும் உண்டு. அருகிலேயே தென்பெண்ணையாறு அனுமன்தீர்த்தத்தைத் தொட்டுக்கொண்டு சாத்தனூர் அணைக்குச் செல்கிறது. பெயரிலேயே இத்தனைத் தீர்த்தங்களை வைத்துள்ள வட்டாரத்தில் குடிதண்ணீர்தான் நெடுநாள் தொல்லை என்றால் வியப்பாக இல்லையா?

இதற்கு வேதியியலில் விடை உண்டு. நம் பகுதியின் அடிநிலம் மிகப் பழைய கெட்டிப் பாறை. அப்பட்டைட், கருமைக்கா போன்ற புளோரைடு கலந்த கனிமங்கள் அதில் உள்ளன. நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளில் நெடுநாள் தேங்கும்போது புளோரைடு சிறிது சிறிதாக நீரில் கரைகிறது. நீர் காரத்தன்மை உடையதாகவும் சுண்ணாம்புச் சத்துக் குறைந்ததாகவும் இருந்தால் இன்னும் மிகுதியாகக் கரையும். ஏரிகள் தூர்ந்து, ஆழ்துளைக் கிணறுகள் பெருகப் பெருக, நாம் பாறையின் நீரையே குடிக்கலானோம். ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் புளோரைடு வரை இருக்கலாம். வேறு நீர் இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதனை மிஞ்சினால் என்ன ஆகும்? பல்லும் எலும்பும் ஹைட்ராக்சி அப்பட்டைட் என்னும் பொருளால் ஆனவை. அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியை வெளியேற்றிவிட்டு அவ்விடத்தில் புளோரைடு அமர்ந்து கொள்ளும். முளைக்கும் பருவத்திலேயே பல் கறை படிந்து வரும். பல ஆண்டுகள் குடித்தால் மூட்டு இறுகி முதுகு வளையும். பற்பொடியை மாற்றினால் அந்தக் கறை போகாது. காய்ச்சிக் குடித்தாலும் பயனில்லை; நீர் ஆவியாகுமே தவிரப் புளோரைடு போகாது, கரைசல் இன்னும் செறிவாகும். படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுத் தெளிய வைக்கும் "நல்கொண்டா முறை" ஒன்றுண்டு. நாக்பூர் ஆய்வுக் கூடத்தார் கண்டது. எளிய முறைதான், ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அளவறிந்து செய்யக் கூடியதன்று.

ஆகவே நீரையே வேறிடத்திலிருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று. ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் 2008இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்டது. செலவு 1,928 கோடி ரூபாய். அதன் முழுப் பெயரில் "புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு" என்னும் சொற்களும் உண்டு என்பதை நம்மில் பலர் கவனித்ததில்லை. கச்சேரியால் விளைந்த நன்மைகளில் இதனையே நான் முதலில் வைப்பேன். குழாயில் காவிரி நீர் வாராத நாளில் மீண்டும் ஆழ்துளை நீருக்கே ஓடுகிறோம். அந்த நாட்களைக் குறைப்பதே இனிச் செய்ய வேண்டிய வேலை.

தண்ணீர் இவ்வூருக்கு அளவாக வந்து பழக்கமில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் அரூரில் 33 சென்டிமீட்டர் மழை கொட்டியது; பக்கத்து ஊத்தங்கரையில் 50. குடத்தோடு அலைந்த ஊர் அன்று வெள்ளத்தில் நின்றது.

இனி மலைப் பக்கம். சித்தேரி மலையில் வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. மலையை ஆள்பவர் என்பது பொருள். அவர்கள் பேசுவது தமிழே. சாமையும் வரகும் விளைவித்து, புளியும் தேனும் கடுக்காயும் சேகரித்து, கீழே வந்து விற்றுச் செல்வர். நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி இறங்கிய காலமும் உண்டு. சாதிச் சான்றிதழுக்கும் அவர்கள் இங்குதான் வர வேண்டும். எங்கள் வீட்டில் பட்டப் படிப்புக்கு வந்த முதல் ஆள் நான் என்பதால், ஒரு சான்றிதழுக்கு எத்தனை நடை என்பதை ஓரளவு அறிவேன். மலையிலிருந்து வருவோருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி.

அம்மலையின் அடிவாரத்தில் வாச்சாத்தி என்னும் சிற்றூர் உள்ளது. 1992ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், சந்தனக் கட்டை பதுக்கியுள்ளனர் என்று கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அவ்வூருக்குள் புகுந்தனர். வீடுகள் உடைக்கப்பட்டன; தானியம் கொட்டி அழிக்கப்பட்டது; கிணறு கெடுக்கப்பட்டது. 18 பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர். அதன்பின் அவர்கள் கொண்டு செல்லப்பட்ட இடம் அரூர் வனத்துறை அலுவலகம். அன்றிரவு அங்கே வைக்கப்பட்டுப் பின்னர் சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டனர். சிறை சென்றோர் 133 பேர். அவர்களில் 90 பேர் பெண்கள், 28 பேர் குழந்தைகள்.

புகாரைக் கேட்க முதலில் எவரும் முன்வரவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தார் இதனை வெளிக் கொணர்ந்தனர். தேசிய ஆணையத்தின் இயக்குநர் பாமதி நேரில் வந்து விசாரித்து அறிக்கை தந்தார். 1995இல் உயர் நீதிமன்றம் வழக்கை மத்திய புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். வழக்கு நடந்த காலத்தில் 54 பேர் இறந்து போயினர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29ஆம் நாள் தீர்ப்பளித்தது. அவர்களுள் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றமும் நிலைநாட்டப்பட்டது.

எத்தனையோ வழக்குகளில் சாட்சிகள் பிறழ்வதைச் செய்தித்தாளில் படிக்கிறோம். பள்ளிக்கூடம் போயிராத இப்பெண்கள் 19 ஆண்டுகள் சொன்ன சொல் மாறாமல் நின்றனர். அரூர் வட்டத்தின் வரலாறு என்று ஒன்று எழுதப்படுமானால், மன்னர் பெயர்களுக்கு முன்னால் இதனை எழுத வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம்முடையது. நூற்றுக்கு 68 பேர் என்ற அளவு. அந்தக் கணக்கைப் படித்து நம்மைத் தாழ்வாக எண்ணுவோர் இந்த வழக்கையும் படிக்கட்டும்.

தண்டிக்கப்பட்டோர் மேல்முறையீடு செய்தனர். அதனை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் தாமே வாச்சாத்திக்கு வந்தார். கச்சேரி மேட்டுக்கு நடந்து நடந்து சலித்த ஊருக்குக் கச்சேரியே ஒருநாள் நடந்து வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் அவர் தண்டனைகளை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியை அந்த 17 பேரிடமிருந்து வசூலிக்கவும், சுயதொழில் அல்லது வேலைக்கு வழி செய்யவும் அரசுக்கு உத்தரவிட்டார். அப்போது சம்பவம் நடந்து 31 ஆண்டுகள் கடந்திருந்தன.