வரைகலை அட்டைக்கு நீர்க் குளிர்ச்சி

உழவு இயந்திரத்தின் ரேடியேற்றரை அறியாதார் வன்னியில் இலர். கணினியின் வரைகலை அட்டையை நீராற் குளிர்விப்பதும் அம்முறையே. கனவளவுக்குக் கனவளவு, காற்றினும் 3,000 மடங்குக்கு மேல் வெப்பத்தை நீர் சுமக்கும். ஆயினும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே அட்டையை அது கொண்டுசெல்லாது. சித்திரை வெயிலில் இதனை நினைவிற் கொள்க.

விசிறித் தொகுதியைக் கழற்றிச் சில்லைத் துடைத்து, வெப்பப் பசை பூசி, செப்புக் கட்டையை மூலைக்கு மூலை மாறிச் சிறிது சிறிதாக இறுக்குக. நினைவகச் சில்லுகளுக்கும் குளிர்ச்சி வேண்டும்.

பலர் இடறுவது நீரிலேதான். வவுனியாப் பக்கத்துக் கிணற்று நீர் பல இடங்களில் வன்மை மிக்கது. கேத்தலின் அடியிற் படியும் வெண்படிவே சான்று. அப்படிவு கட்டையின் மயிரிழை வழிகளை அடைத்துவிடும். ஆதலின் காய்ச்சி வடித்த நீரில் அரிப்புத் தடுப்பான் கலந்தே நிரப்புக. செப்புக் கட்டையோடு அலுமினிய ரேடியேற்றரைச் சேர்த்தல் ஆகாது, அலுமினியம் அரிக்கப்படும்.

ஒரு துளி கசிந்தாலும் விலையுயர்ந்த அட்டை பாழாகலாம். எனவே கணினிக்கு மின் கொடாது, பம்பியை மட்டும் ஒரு நாள் ஓடவிட்டு, மூட்டுகளின் கீழ்க் கடதாசி விரித்து ஈரம் படுகிறதா என நோக்குக.