சாவிக்குக் காசு கொடுப்பது யார்?

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு அக்கரையில் அண்ணன் உண்டு, அத்தை உண்டு. முன்பு கடிதம் போட்டார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் பேசுகிறார்கள்.

2022 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில் அரிசி விலை ஏறி, பெட்ரோல் கிடைக்காமல், மக்கள் கொதித்துப் போயிருந்த நேரம். அன்று வாட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப் எல்லாவற்றுக்கும் இலங்கை சர்க்கார் பூட்டுப் போட்டுவிட்டது!

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தடையால் பயன் இல்லை என்று ஒரு மந்திரியே சொன்னார். அவர் நாமல் ராஜபக்சே, ஜனாதிபதியின் அண்ணன் மகன். தாமும் வி.பி.என். வழியாகவே வந்திருப்பதாக அவர் எழுதினார். அன்றே பூட்டு திறக்கப்பட்டது.

அது என்ன வி.பி.என்.?

ஒரு கடிதத்தை இன்னொரு உறைக்குள் வைத்து, வேறு ஊர் வழியாக அனுப்புகிறோம். அது உண்மையில் யாருக்குப் போகிறது என்று உள்ளூர் தபால்காரருக்குத் தெரியாது. வி.பி.என். செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

காசுக்கு விற்கும் வி.பி.என்.கள் உண்டு. 'சைபன்', 'டோர்' போன்றவை இலவசம். இலவசம் என்றால் யாரோ பணம் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். பெரும் பகுதியைக் கொடுத்து வந்தது அமெரிக்க சர்க்கார். டோருக்கு அடிப்படை வேலை நடந்ததே அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக் கூடத்தில்தான்!

பணம் தருகிறவன் ஒட்டுக் கேட்க மாட்டானா? நியாயமான சந்தேகம்தான். ஆனால் டோர் எப்படிச் செய்யப்பட்டது என்பது திறந்த புத்தகம். விவரம் தெரிந்த யாரும் பிரித்துப் பார்க்கலாம்.

பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

இந்தப் பணத்தைப் பங்கிட 2012-ல் 'திறந்த தொழில்நுட்ப நிதியம்' ஏற்பட்டது. 'அமெரிக்காவின் குரல்' வானொலியை நடத்திய துறையே இதற்கும் பணம் தந்தது. (சிலாபம் அருகே இரணவிலவில் அந்த வானொலியின் ஒலிபரப்பு நிலையம் 2016 வரை இருந்தது.) 2020-ல் டிரம்ப் நியமித்த மைக்கேல் பேக் அந்தத் துறைக்குத் தலைவரானார். வந்த சில நாட்களிலேயே நிதியத்தின் தலைவியையும் நிர்வாகக் குழுவையும் வெளியேற்றினார்!

2025 மார்ச்சில் நிதியத்துக்குத் தரும் பணமே ரத்து என்று உத்தரவு வந்தது. ஈரானிலும் சீனாவிலும் பூட்டுக்குள் இருப்பவர்கள் நம்பியிருந்த பணம் அது. நிதியம் கோர்ட்டுக்குப் போனது. அதன் பிறகே அந்த உத்தரவு வாபஸ் ஆனது.

இந்தியாவிலும் 2022-ல் ஓர் உத்தரவு வந்தது. வி.பி.என். கம்பெனிகள் வாடிக்கையாளரின் பெயர், விலாசத்தை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது அது. சில கம்பெனிகள் இங்கிருந்த தங்கள் கம்ப்யூட்டர்களை மூட்டை கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டன.