கணக்கில் வராத கிருமி

பால் கணக்கை ஒரு மாதம் எழுதாமல் விட்டுப் பாருங்கள்! எத்தனை நாள் பால் வந்தது, எத்தனை நாள் வரவில்லை என்று பால்காரருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கடைசியில் நஷ்டம் யாருக்கு? உங்களுக்குத்தான்!

கிருமிகள் விஷயத்திலும் இதே கதைதான். 1928-ல் பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்றபோதே, மருந்தை அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். அவர் வாக்கு பலித்துவிட்டது. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டதாக ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஏழை நாடுகளில்தான் கொடுமை அதிகம்.

எந்த ஊரில் எந்த மருந்து தோற்றுவிட்டது என்று எப்படி அறிவது? நோயாளியின் ரத்தத்திலோ சிறுநீரிலோ உள்ள கிருமியை ஒரு தட்டில் வளர்த்து, அதன்மேல் மருந்து தோய்த்த சிறு வில்லைகளை வைப்பார்கள். மருந்துக்கு வலிமை இருந்தால், கோலப் புள்ளியைச் சுற்றி வளையம் போட்டாற்போல், வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காத இடம் தெரியும். வளையம் இல்லையா? அந்த மருந்தால் பயனில்லை. இப்படிப்பட்ட முடிவுகளை நூற்றுக்கணக்கில் கம்ப்யூட்டரில் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், 'இந்த வட்டாரத்தில் இந்த நோய்க்கு இந்த மருந்து வேண்டாம்' என்று டாக்டருக்குப் புலப்படும். இதற்கென்றே அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் உருவான 'ஹூநெட்' என்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு இலவசமாகவே கிடைக்கிறது.

கணக்குப் பிள்ளை தயார். ஆனால் கணக்கு எங்கே? ஆப்பிரிக்காவில் 14 நாடுகளைப் பற்றி 2022-ல் வெளியான ஆய்வைக் கேளுங்கள். அங்கே இருந்த சுமார் 50,000 பரிசோதனைச்சாலைகளில், கிருமிப் பரிசோதனை செய்தவை நூற்றுக்கு 1.3 தான்! சோதித்துப் பார்த்த சுமார் 1,87,000 மாதிரிகளிலும், நூற்றுக்கு 88-ல் நோயாளியின் நோய் விவரமே குறிக்கப்படவில்லை. ஜுரத்தில் கிடக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும் தாய்க்கு, டாக்டர் குருட்டாம்போக்கில்தானே மருந்து எழுத வேண்டியிருக்கும்?

சரி, நாம் என்ன செய்யலாம்? மருந்து அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். அவர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மிச்சத்தைப் பக்கத்து வீட்டு மாமிக்குத் தானம் செய்யாதீர்கள்! டாக்டர் கிருமிப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால், 'வீண் செலவு' என்று தட்டிக் கழிக்காமல் செய்துகொண்டு, அந்த முடிவுச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். இன்று அது உங்கள் குழந்தைக்குச் சரியான மருந்தைக் காட்டும். ஆஸ்பத்திரிக் கணக்கில் ஏறினால், நாளை இன்னொருத்தி குழந்தைக்கும் காட்டும்.