ஜெனிபர் ஐகென்பிரோட்

ஜெனிபர் ஐகென்பிரோட் ஓர் அமெரிக்கப் புவிவேதியியலாளரும் வானுயிரியலாளரும் ஆவார். நாசாவின் கொடார்ட் விண்வெளிப் பறப்பு மையத்தில் பணியாற்றியபோது, செவ்வாய்க் கோளின் பழம்பாறைகளில் கரிமப் பொருள் எஞ்சியிருப்பதைக் காட்டிய ஆய்வுக்கு இவர் தலைமை தாங்கினார். இவ்வாய்வு 2018 ஆம் ஆண்டு சயன்ஸ் இதழில் வெளியானது.

1976 இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் விண்கலங்கள் மண்ணைச் சூடாக்கிச் சோதித்தபோது எளிய குளோரின் சேர்மங்களே வெளிப்பட்டன. அவை புவியிலிருந்து சென்ற மாசு எனக் கருதப்பட்டது. 2008 இல் பீனிக்ஸ் விண்கலம் அம்மண்ணில் பெர்குளோரேட்டு உப்பைக் கண்டது. சூடேறும்போது இவ்வுப்பு ஆக்சிசனை வெளிவிட்டுக் கரிமப் பொருளை எரித்துவிடும். அதாவது, தேடும் முறையே தேடப்படும் பொருளை அழிக்கக்கூடியது.

கேல் கிண்ணக்குழியில் முற்காலத்தில் ஏரி ஒன்று இருந்தது. அதன் அடியில் படிந்த, ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையான சேற்றுக்கல்லைக் கியூரியோசிட்டி தரையுலவி துளையிட்டுத் தூளாக எடுத்தது. பெர்குளோரேட்டு சிதைந்து முடிந்தபின், 500 பாகை செல்சியசுக்கு மேல் அத்தூளிலிருந்து வெளிவந்த வளிமங்களையே ஐகென்பிரோட் குழுவினர் ஆராய்ந்தனர். அவற்றில் தயோபீன் முதலிய கந்தகச் சேர்மங்கள் இருந்தன. கந்தகத்துடன் பிணைந்தமையே கரிமப் பொருளை இத்தனை காலம் காத்திருக்கலாம் என்பது இவர்களின் விளக்கம்.

கரிமம் என்றவுடன் உயிர் என்று கொள்ளலாகாது. விண்கற்களிலும் இத்தகைய சேர்மங்கள் உள்ளன. செவ்வாயில் கண்டவை உயிரினங்களிலிருந்து வந்தனவா, விண்கற்களிலிருந்து வந்தனவா, பாறைகளில் நிகழ்ந்த வேதிவினைகளால் உண்டானவையா என்பதை இவ்வாய்வு முடிவு செய்யவில்லை.