நகச்சுற்று: ஈரத்தில் உழைக்கும் விரல்கள்

பாசிக்குடாவில் விடுதியொன்றின் சலவைப் பகுதியில் எனது அக்கா வேலை செய்கிறார். போரில் கணவரை இழந்தவர், மூன்று பிள்ளைகள். அண்மையில் அவரது வலது பெருவிரலில் நக ஓரம் சிவந்து வீங்கியது. "நகச்சுற்றுத்தானே, தேசிக்காய் செருகினால் போயிடும்" என்றார். ஒருநாள் நின்றாலும் அந்த நாள் சம்பளம் இல்லை. நான்காம் நாள் இரவு வலி தாங்காமல் அழுதபோதுதான் வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றேன். கீறிச் சீழை எடுத்தார்கள். விரல் தப்பியது.

2009இல் போர் முடிந்தபின் இந்தக் கரையில் விடுதிகள் வரிசையாக எழுந்தன. அங்கே துணி துவைப்பவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள், வாவியோரம் மீனும் இறாலும் துப்புரவு செய்பவர்கள் எல்லோருடைய கைகளும் நாள் முழுக்க ஈரத்தில்தான்.

நகத்தையும் தோலையும் ஒட்டி மூடியிருக்கும் மெல்லிய விளிம்புதான் விரலுக்குக் காவல். தண்ணீரும் சவர்க்காரமும் அதை ஊறவைத்துப் பிரித்துவிடும். நகம் கடித்தாலும், மீன்முள் குத்தினாலும் அதேதான். அந்த இடைவெளியால் கிருமி நுழைகிறது.

நகச்சுற்று இரண்டு வகை. திடீரென வருவது பெரும்பாலும் பாக்டீரியாவால்; ஓரிரு நாளில் சிவந்து, விண்விண்ணென்று வலித்து, சீழ் கட்டும். தொடக்கத்திலேயே இளஞ்சூட்டு நீரில் 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை விரலை வைத்து, பின் நன்றாகத் துடைத்தால் பலருக்குக் குணமாகும். ஆறு வாரத்துக்கு மேல் நீடிப்பது மற்ற வகை. ஓயாத ஈரமும் சவர்க்காரமும் தோலை அரிப்பதால் வருவது, பூஞ்சையும் சேரலாம். இதற்கு விரலை உலர்வாக வைத்திருப்பதே முதல் மருந்து.

தேசிக்காய் வலியைச் சற்றுத் தணிக்கலாம். தேங்கிய சீழை வெளியேற்றாது. வீட்டில் பிளேட்டாலோ ஊசியாலோ கீறவே வேண்டாம்.

சீழ் கட்டினாலோ, விரல் நுனி முழுவதும் இறுகி வீங்கினாலோ, சிவப்புக் கோடு கையில் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். நீரிழிவு உள்ளவர்கள் அதுவரையும் காத்திருக்கக் கூடாது. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

அக்கா இப்போது பருத்திக் கையுறை போட்டு, அதன்மேல் றப்பர் கையுறை அணிகிறார். அதையும் தன் காசில்தான் வாங்கினார். ஈரத்தில் வேலை வாங்குகிறவர்கள் கையுறையையும் கொடுக்க வேண்டும். அதைக் கேட்பது சலுகை கேட்பதல்ல.