கரைக்கு வாராத கப்பல்

மத்திய அமெரிக்காவின் கிழக்குக் கரையிலே, கரிபியன் கடலைப் பார்த்துக் கிடக்கிறது பெலீஸ் நகரம். 1973ஆம் ஆண்டுவரை பிரித்தானிய ஹொண்டுராஸ் என வழங்கி, 1981இல் சுதந்திரம் பெற்ற பெலீஸ் நாட்டின் பெரிய பட்டினம் அது. ஆயிரக்கணக்கான பிரயாணிகளைச் சுமந்த உல்லாசக் கப்பல்கள் காலைப்பொழுதில் அங்கு வருகின்றன. ஆயினும், நகரத்தை அவை அணுகுவதில்லை. கரைக்குச் சில மைல் அப்பாலேயே நங்கூரமிட்டு நின்றுவிடுகின்றன. பிரயாணிகளைக் கரைக்குக் கொண்டுவருவனவும் திரும்பச் சேர்ப்பனவும் சிறு விசைப்படகுகளே.

கப்பலைத் தடுப்பது எது? கடலின் ஆழமின்மையே. அந்நாட்டுக் கரையோரமாக ஏறத்தாழ 300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பவளத்தொடர் ஒன்று செல்கிறது. டார்வின் 1842இல் வெளியிட்ட பவளத்திட்டுகள் பற்றிய நூலிலும் இதற்கு இடமுண்டு. பேரலைகள் அத்தொடரிலே மோதி வலுவிழக்க, உட்புறத்துக் கடல் அமைதியாய், ஆழங்குறைந்து, கடற்புல்லும் கண்டலும் செழிக்கும் நிலமாய் விளங்குகிறது. பிரயாணிகளை இழுத்துவருவது எந்தப் பவளமோ, அதன் அயலே கப்பலை எட்ட நிறுத்தியும் வைக்கிறது!

பவளத்தைக் கல்லென்று எண்ணுவோர் பலர். சுண்ணாம்பைச் சுரந்து தமக்கு வீடு கட்டிக்கொள்ளும் மெல்லுடற் சிற்றுயிர்களின் குடியிருப்பே அது. அவற்றின் உடலுள் வாழும் நுண்ணிய அல்காக்கள் சூரியவொளியைக் கொண்டு உணவு சமைத்து ஊட்டுகின்றன. நீர் கலங்கினால் ஒளி குன்றும். சேறு படிந்தால் மூச்சு முட்டும். நீரின் வெப்பம் வழக்கமான கோடை வெப்பத்தினும் ஒரு பாகை உயர்ந்து சில வாரம் நீடித்தாலே அல்காக்கள் வெளியேறப் பவளம் வெளிறிப்போகிறது. 1998இல் அக்கடலிலும் இது நிகழ்ந்தது. திரண்ட பவளங்களோ ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளர்வன.

பவளத்தொடர் அலையைத் தணிக்குமேயன்றிச் சூறாவளியை விலக்காது. 1931 செப்டெம்பர் 10ஆந் திகதி வீசிய புயலில் அந்நகரிலே ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1961இல் ஹற்றி என்னும் சூறாவளி மீண்டும் நகரைச் சிதைத்தது. அதன் விளைவாகத் தலைநகர் 1970இல் உள்நாட்டிலுள்ள பெல்மொப்பானுக்கு மாறிற்று. அரசாங்கம் போய்விட்ட நகரத்துக்குக் கப்பல் பெரும் பிழைப்பாயிற்று. சுமார் நான்கு இலட்சம் மக்களே வாழும் அந்நாட்டுக்கு 2018இல் கப்பல்வழி வந்தோர் பத்து இலட்சத்துக்கு மேல். அவர்களுட் பலர் இறங்குதுறையிலிருந்தே மாயர்களின் பழைய கோயில்களைக் காண வண்டியேறிவிடுவர். நகரம் அவர்களுக்கு வெறும் வாயிற்படிதான்.

காற்றுப் பலமாக வீசும் நாளிற் சிறுபடகு ஓடாது. கப்பலும் ஒருவரையும் இறக்காமற் போய்விடும். வழிகாட்டிக்கும் வண்டிக்காரருக்கும் கைப்பணி விற்கும் பெண்களுக்கும் அன்று கூலியில்லை. ஆகவே, கப்பல் நேரே வந்து கட்டத்தக்க துறை வேண்டுமென்போரை வெறும் பேராசைக்காரர் எனத் தள்ளிவிடுதல் நியாயமன்று. ஆனால், அதற்குக் கடலடியைத் தோண்டவேண்டும். தோண்டிய சேறு எங்கே செல்லும் என்பதே கேள்வி.

அம்மக்கள் இத்தகைய கேள்வியை முன்னரும் எதிர்கொண்டவர்கள். 1996இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட அத்தொடரைக் கண்டலழிப்பு முதலிய காரணங்களால் 2009இல் யுனெஸ்கோ ஆபத்துப் பட்டியலிற் சேர்த்தது. கடலிலே எண்ணெய் தோண்டலாமா என 2012இல் பொதுமக்கள் இயக்கங்கள் நடத்திய வாக்கெடுப்பில், வாக்களித்தோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் வேண்டாமென்றனர். அதற்குச் சட்டபூர்வமான எந்த வலுவும் இல்லை. எனினும், 2017இன் இறுதியில் நாடாளுமன்றம் தடைச்சட்டம் இயற்றியது. மறு ஆண்டிலேயே அத்தொடர் ஆபத்துப் பட்டியலினின்று நீங்கிற்று.

இதனிடையே, 2016இல் கப்பற் கம்பனியொன்று நாட்டின் தென்கரைக்கு அப்பால் ஒரு சிறு தீவிலே தன் துறையை அமைத்துக்கொண்டது. அங்கே கப்பல் நேரே வந்து கட்டுகிறது. பிரயாணிகள் பாலத்தின் வழியே நடந்து இறங்குகின்றனர். ஏற்றியிறக்கும் சிறுபடகுகளுக்கு அங்கே வேலையில்லை.