கத்திக்குப் பயந்து கட்டியை வளர்க்காதீர்கள்

புற்றுநோயோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எப்போதிலிருந்து இருக்கு?" என்பதைத்தான். பதில் மாதக் கணக்கில் வராது. "போன மாசிமகத்துக்கு முன்னாடியே பார்த்தேன் டாக்டரம்மா." "பொண்ணு கல்யாணத்தப்பவே இருந்துச்சு." "முந்திரி சீசன் முடியட்டும்னு இருந்துட்டேன்." விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் பீங்கான் பட்டறைகளிலிருந்தும் வரும் பெண்களிடம் இந்தப் பதில்களைக் கேட்கக் கேட்க வயிறு கலங்குகிறது. திருவிழாவும் கல்யாணமும் அறுவடையும் நமக்காக நிற்பதில்லை. கட்டி மட்டும் நிற்கும் என்று எப்படி நம்புகிறோம்?

அண்மையில் வந்த ஒரு அம்மா, சூளைக்குப் போகும் முன் பீங்கான் பொருள்களின் விளிம்பைத் தேய்த்துச் சரிசெய்யும் வேலை பார்ப்பவர். கன்னத்தின் உட்புறம் புண். அதன்மேல் சுண்ணாம்பு தடவியிருந்தார். சுண்ணாம்பு சுட்ட இடத்தில் தோல் வெள்ளையாக உரிந்து கிடந்தது. இரவில் அதே கன்னத்தில்தான் புகையிலையை அடக்கிக்கொண்டு தூங்குவாராம். வாயைத் திறக்கச் சொன்னேன். இரண்டு விரல்கூட நுழையவில்லை. மருந்துக்கடையில் கேட்டு பி காம்ப்ளக்ஸ் மாத்திரை சாப்பிட்டு வந்திருக்கிறார். அட்டை தீரத் தீர அடுத்த அட்டை. புண் ஏன் ஆறவில்லை என்று கடைக்காரரும் கேட்கவில்லை, வீட்டிலும் யாரும் கேட்கவில்லை.

ஊருக்கு ஊர் உயிரின் மதிப்பு மாறலாமா?

ஒரே வகைப் புற்றுநோய். சென்னையில் ஒரு பெண் பிழைத்துவிடுகிறார், இங்கே ஒருவர் இறந்துவிடுகிறார். மருந்து ஒன்றுதான், சிகிச்சை முறையும் ஒன்றுதான். வந்து சேர்ந்த நாள்தான் வேறு. கூலி, தூரம், கூட வர ஆளில்லாதது, பயம் எல்லாம் சேர்ந்து அந்த நாளைத் தள்ளிப்போடுகின்றன. இந்த ஏற்றத்தாழ்வோடு வாழ்நாள் முழுவதும் போராடியவர் டாக்டர் வி. சாந்தா.

1955இல் மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. முடித்தபோது அவருக்கு எழும்பூரில் நல்ல அரசு வேலை காத்திருந்தது. அதை விட்டுவிட்டு, முந்தைய ஆண்டுதான் 12 படுக்கைகளோடு தொடங்கியிருந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்ந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1923இல் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில் உருவாக்கிய மருத்துவமனை அது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியோடு சேர்ந்து சாந்தா அதை வளர்த்தார். மருத்துவமனை வளாகத்திலேயே குடியிருந்தார். 2005இல் மகசேசே விருது வந்தது, பின்னர் பத்ம விபூஷண் வந்தது. 2021 ஜனவரி 19 அன்று 93 வயதில் மறைந்தார்.

விருதுகளைவிட முக்கியமாக நான் நினைப்பது இரண்டு வேலைகளை. ஒன்று, கணக்கு எடுத்தது. 1980களின் தொடக்கத்தில் சென்னையில் மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது. யாருக்கு, எந்த உறுப்பில், எந்த நிலையில் நோய் வருகிறது, எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று வருடக்கணக்காக எழுதி வைத்தால்தானே, யார் விடுபட்டுப் போகிறார்கள் என்பது தெரியும்? மற்றொன்று, ஆள் உருவாக்கியது. புற்றுநோய் மருத்துவத்திலும் புற்றுநோய் அறுவைச் சிகிச்சையிலும் உயர் சிறப்புப் பட்டப்படிப்புகள் இந்தியாவில் முதன்முதலில் 1984இல் அடையாற்றில்தான் தொடங்கின. இன்று மாவட்டங்களில் புற்றுநோய் பார்க்கும் மருத்துவர்களில் பலர் அங்கே படித்தவர்கள், அல்லது அங்கே படித்தவர்களிடம் கற்றவர்கள்.

கிராமத்துப் பெண்களைக் காப்பாற்ற முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடம் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் டாக்டர் சங்கரநாராயணன் தலைமை தாங்கினார். அடையாற்றின் பதிவேட்டு நிபுணர் சுவாமிநாதனும் அந்தக் குழுவில் இருந்தார். பயிற்சி பெற்ற செவிலியர்கள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள். வெள்ளையாக மாறிய இடத்துக்கு உடனே மேல்சிகிச்சை. 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது: பரிசோதனை நடந்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. பெரிய இயந்திரம் எதுவும் அங்கே இல்லை. பயிற்சி பெற்ற ஒரு செவிலியரும், வரச் சம்மதித்த ஒரு பெண்ணும் போதுமாக இருந்தார்கள்.

"வலிக்கலையே டாக்டரம்மா!"

நான் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. வலித்தால் வந்திருப்பார்களாம். தயவுசெய்து இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்: மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வாய்ப்புண்ணும் அப்படித்தான். வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

மாதவிடாய் நின்று வருடங்கள் ஆன பிறகு ரத்தம் பட்டால் "உடம்புச் சூடு" என்று இளநீரும் வெந்தயமும் சாப்பிட்டுக் காலம் தள்ளுகிறார்கள். உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலும், துர்நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலும் யாரிடமும் சொல்வதில்லை. மருமகளிடம் சொல்லக் கூச்சம், மகனிடம் சொல்ல முடியாது. ஒருமுறை நின்றுபோன ரத்தம் மறுபடி வருவதற்குச் சூடு காரணமே இல்லை. ஒரு துளி பட்டாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

பத்து, பச்சிலை, சூடு

மார்பில் கட்டி என்றதும் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போடுகிறார்கள். கழுத்தில் நெறிகட்டினால் சூடு வைக்கிறார்கள். பழுத்து உடையட்டும் என்று பச்சிலை கட்டுகிறார்கள். தோல் வெந்து, புண்ணாகி, சீழ் பிடித்து வருகிறவருக்கு அறுவைச் சிகிச்சை செய்வதே சிரமமாகிவிடுகிறது. முதல் மாதத்தில் சிறிய அறுவையோடு முடிந்திருக்கக்கூடிய வேலை அது.

நான் சித்த மருத்துவத்தைக் குறை சொல்லவில்லை. முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் இப்படிப்பட்ட கட்டியைப் பார்த்ததும் எங்களிடம் அனுப்பிவிடுகிறார்கள். பெயர் தெரியாத வேரை அரைத்துக் கொடுத்து, மற்ற மருந்தை நிறுத்தினால்தான் இது வேலை செய்யும் என்று சொல்கிறவர்கள்தான் உயிரை வாங்குகிறார்கள். கீமோவின் பாதியில் அவர்களிடம் போனவர்கள் திரும்பி வரும்போது நோய் வேறு இடங்களுக்குப் போயிருக்கிறது.

மருந்துக்கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரையும் இதே ரகம். வீக்கம் சில நாள் வடியும், பசி எடுக்கும், குணமாகிவிட்டது என்று தோன்றும். உள்ளே நோய் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

கத்தி பட்டால் பரவுமாம்!

இந்த ஒரு நம்பிக்கையால் நம் ஊரில் போன உயிர்கள் ஏராளம். "எங்க சித்தப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணாங்க, ஆறு மாசத்துல போயிட்டாரு" என்பார்கள். சித்தப்பா மருத்துவமனைக்கு வந்தபோதே நோய் பரவியிருந்தது. கத்தி அதைப் பரப்பவில்லை. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்பதாலும் நோய் பரவாது. அப்படிப் பார்க்காமல் எந்த மருந்து கொடுப்பது என்று எங்களாலேயே முடிவு செய்ய முடியாது.

புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல. நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கும் வீடுகளைப் பார்க்கிறேன். மனம் வலிக்கிறது. அவரோடு ஒரே தட்டில் சாப்பிடலாம், குழந்தையை மடியில் கொடுக்கலாம். முன்ஜென்ம பாவம் என்று பேசுவதையும் விட்டுவிடுங்கள். நோயோடு சேர்த்து அவமானத்தையும் அந்த உடம்பு சுமக்க வேண்டுமா?

வெல்லம் தின்றால் தூசு இறங்காது

நம் ஊர் பீங்கான் ஊர். களிமண்ணோடு கலக்கும் குவார்ட்ஸ் கல்லின் தூளில் சிலிக்கா இருக்கிறது. அந்த நுண்தூசு நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயைத் தரும், காசநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும். நுரையீரல் புற்றுநோயையும் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997லேயே உறுதி செய்துவிட்டது. அதோடு பீடியும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

வேலை முடிந்து ஒரு துண்டு வெல்லம் தின்றால் தூசு வயிற்றுக்குள் இறங்கிவிடும் என்று தொழிலாளர்கள் நம்புகிறார்கள். வெல்லம் போவது இரைப்பைக்கு, தூசு இருப்பது நுரையீரலில். மூக்கில் கட்டும் கைக்குட்டையும் நுண்தூசைத் தடுக்காது. என்95 முகக்கவசம் போடுங்கள். தரையைப் பெருக்கும் முன் தண்ணீர் தெளியுங்கள். பட்டறை முதலாளிகளே, தூசை உறிஞ்சும் விசிறி அமைப்பதும் கவசம் வாங்கித் தருவதும் உங்கள் பொறுப்பு.

பரிசோதனை

30 வயது கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் தேவை.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்

புகையிலையை விட்டுவிடுங்கள். பான், ஹான்ஸ், கூல் லிப் எதுவானாலும் சரி. 2013 முதல் குட்காவுக்குத் தடை இருக்கிறது. தடையைத் தாண்டி பள்ளிப் பிள்ளைகளின் பையிலும் பொட்டலம் வருகிறது. பெற்றோர்களே, அந்தப் பையை ஒருமுறை பாருங்கள். உங்கள் பெண் பிள்ளைக்கு 9 முதல் 14 வயதுக்குள் எச்பிவி தடுப்பூசி போட்டுவிடுங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்க நம் கையில் இருக்கும் பலமான ஆயுதம் அது.

பணமில்லை என்று நிற்காதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையில் புற்றுநோய்ச் சிகிச்சை உண்டு. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்புக் கட்டணம் முழுதாகத் தள்ளுபடி, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். நம் ஜங்ஷனிலிருந்து சென்னைக்கு ரயில் இருக்கிறது, பாண்டிச்சேரி ஜிப்மருக்குப் பேருந்து வசதி இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104க்கு அழையுங்கள்.

கணவன்மார்களுக்கும் மகன்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பெண் தன் உடம்பைப் பற்றித் தானாக வாய் திறக்க மாட்டார். நீங்கள் கேளுங்கள். கட்டியோ புண்ணோ ரத்தமோ இருப்பதாகச் சொன்னால், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு இந்த வாரமே அழைத்து வாருங்கள்.